இறகு கோதும் தூரம்

ஜனவரி 18, ஞாயிறு

ஆவுடை இன்று காலை கோயம்புத்தூர் புறப்பட்டுப் போனாள். மகள் உமையாள் வீடு மாற்றுகிறாளாம். சாமான்களை அடுக்கிவைக்க ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பயணம் செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்பது உண்மையில் இன்றுதான் தொடங்குகிறது என்று தோன்றியதால் நாட்குறிப்பையும் இன்றே தொடங்குகிறேன்.

எங்கள் பாளையங்கோட்டையில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் புகைப்படக் கண்காட்சி நடத்துகிறோம். தலைப்பு: இறகு கோதும் பறவைகள். ஒவ்வொரு உறுப்பினரும் காட்டுப் பறவைகளின் படங்களோடு, வீட்டில் வளர்க்கிற பறவையின் படம் ஒன்றும் தரவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்தான் வித்தியாசம் தெரியும் என்கிறார் கழகத் தலைவர் ஜேசுராஜன். தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். பறவைகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது தனி விஷயம். அவருடைய லென்ஸ் என்னுடையதைவிட நீளம்.

கூண்டுப் பறவைகள் மீது எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் வீட்டிலேயே ஒன்று இருப்பதால் அந்த ஒரு படத்துக்கு அலைய வேண்டாம். துரை என்று பெயர். காக்கட்டீல் என்கிற கிளிச்சாதி. மைனாவைவிடச் சற்றுப் பெரிது. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் எப்போதும் எதற்கோ ஆச்சரியப்பட்டதுபோல் ஒரு கொண்டை. உமையாள் கல்யாணமாகிப் போகும்போது அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று வாங்கித் தந்தது. நான்தான் வீட்டில் இருக்கிறேனே, துணை எதற்கு என்று அப்போதே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆட்டோ வந்து நிற்கும்போது ஆவுடை துரையின் சாப்பாட்டு விவரங்களைச் சொன்னாள். காலையில் தினை, மதியம் கீரை, சாயங்காலம் தண்ணீர் மாற்ற வேண்டும். "அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. தட்டுல தினையக் கொட்டிட்டு ஓடிராதிய" என்றாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததால் "ம்" என்றேன். ஆட்டோவில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

எப்போது திரும்பி வருவாள் என்று கேட்கவில்லை. நாளை கேட்க வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

விடியுமுன் கிளம்பி, மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் சரணாலயம் போய்ச் சேர்ந்தேன். குளம் நிறையத் தண்ணீர். கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு வந்தவர்களைப்போல இடித்துக்கொண்டு நின்றன.

இறகு கோதுவது சும்மா சொறிந்துகொள்வது அல்ல. வாலின் அடியில் பறவைக்கு ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதை அலகால் தொட்டு, ஒவ்வோர் இறகாக அலகுக்குள் கொடுத்து உருவும். கலைந்த இழைகள் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் ஒட்டாது, பேன் போகும். ஒரு நல்ல லைன்மேன் கம்பியைத் துணியால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துத் துடைப்பது மாதிரி. எங்கள் கழகத்தில் இந்த உவமை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

படம் எடுப்பதில்தான் ஒரு சிக்கல். கோத ஆரம்பித்ததும் பறவை தலையை இறக்கைக்குள் நுழைத்துவிடுகிறது. நான் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் தலை உள்ளே இருக்கிறது. அது தலையை வெளியே எடுக்கும்போது நான் முகத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வரிசையாகத் தலையணைகள். சில தலையணைகளுக்குக் கால் இருக்கிறது.

ஜேசுராஜனும் வந்திருந்தார். என் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "பறவை எல்லா இடத்துலயும் கோதாது அண்ணாச்சி. இங்க நம்மள யாரும் ஒண்ணும் செய்யமாட்டாவன்னு அதுக்குத் தோணணும். தள்ளி நில்லுங்க, வரும்" என்றார். நான் கேட்காத விவரம். அந்த நேரத்தில் மேலே பறந்துபோன கூழைக்கடா ஒன்று என் தொப்பியைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய தொப்பியும் பக்கத்தில்தான் இருந்தது.

ஆவுடையிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

சோறு குழைந்துவிட்டது. துரைக்குத் தினை வைத்தாயிற்று. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 23, வெள்ளி

குளித்துக்கொண்டிருக்கும்போது ஆவுடை "இந்தாருங்க" என்று கூப்பிட்டாள். "வாறேன்" என்றேன். மறுபடி கூப்பிட்டாள். தலையில் சோப்போடு வெளியே வந்த பிறகுதான் ஆவுடை கோயம்புத்தூரில் இருப்பது நினைவுக்கு வந்தது. துரை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து இன்னொரு தடவை "இந்தாருங்க" என்றது. அச்சு அசல் அவள் குரல். இந்தப் பறவை பேசும் என்று எனக்குத் தெரியாது. சீட்டியடிப்பதும் குக்கர் விசில்போலக் கத்துவதும்தான் தெரியும். இந்த ஒரு சொல்லை அது கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழுந்திருக்க வேண்டும்.

மத்தியானம் அதன் படத்தை எடுத்து முடித்துவிடலாம் என்று கேமராவோடு போனேன். லென்ஸைப் பார்த்ததும் கொண்டையை விறைத்துக்கொண்டு பாம்புபோலச் சீறியது. பின்பக்கமாகப் போனேன், அதுவும் பின்பக்கமாகத் திரும்பியது. கூண்டைச் சுற்றி இருவரும் வட்டமடித்தோம். எனக்குத்தான் முதலில் தலை சுற்றியது. காட்டுப் பறவை எவ்வளவோ மேல்.

ஜனவரி 26, திங்கள்

ஆவுடையோடு போனில் பேசினேன். துரை சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, கீரையைக் கழுவிப் போடுகிறேனா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அது அவளுக்கே தெரியும் என்பதால் இருக்கலாம். எப்போது வருகிறாய் என்றேன். "பாப்போம்" என்று சொல்லிப் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

வீடு மாற்றும் வேலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உமையாளிடம் விசாரித்தேன். அது கிறிஸ்துமஸ் லீவிலேயே முடிந்துவிட்டதாகச் சொன்னாள். அப்படியானால் சாமான்களை அடுக்கும் வேலை ரொம்பவே பாக்கி இருக்கிறது போலிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாமான்களை வாங்கிக் குவித்துவிடுகிறார்கள்.

ஜனவரி 29, வியாழன்

நல்ல செய்தி. கூந்தன்குளத்திலிருந்து இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து பார்த்தால், கூண்டின் தரையில் சின்னச்சின்னதாக நிறைய இறகுகள். இறகு விழுந்திருக்கிறது என்றால் கோதியிருக்கிறது என்று அர்த்தம். படுக்கையறைக் கதவை ஒருச்சாய்த்து இடுக்கு வழியாக லென்ஸை நீட்டி, விளக்கையும் தோதாக வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். துரை தலையைக் குனிந்து நெஞ்சைக் கோத ஆரம்பித்தது. தலை முழுதாகத் தெரிகிறது, கண் தெரிகிறது, அலகில் ஒரு மெல்லிய சாம்பல் இறகு. இத்தனை நாளில் நான் எடுத்த முதல் தலையுள்ள படம்.

பொறுக்க முடியாமல் கழகத்தின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். "வீட்டிலும் கலை உண்டு" என்று ஒரு வரியும் எழுதினேன். ஐந்தாறு கட்டைவிரல்கள் வந்தன. பிறகு ஜேசுராஜன் தனியாகப் போன் செய்தார். படம் நன்றாக வந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அது கோதலை. புடுங்குது."

ஜனவரி 30, வெள்ளி

பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். நெஞ்சில் ஒரு பெரிய வட்டம் மொட்டையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் தொங்குகிற உருப்படியை மிகச் சின்னதாகச் செய்து, தலைக்கு மட்டும் பழைய அலங்காரத்தை விட்டுவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவர் மெஹருன்னிசாவிடம் ஓடினேன். சுறுசுறுப்பான பெண். பேன் இருக்கிறதா என்று பார்த்தார், தோலைப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை என்றார். பிறகு என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் யார் யார் என்று கேட்டார். நானும் மனைவியும் என்றேன். மனைவி எங்கே என்றார். கோயம்புத்தூர் என்றேன். நான் எப்போது வெளியே போவேன், எப்போது திரும்புவேன் என்றார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அப்ப பகல் பூரா இது தனியாத்தான் கெடக்கு. தனியாக் கெடந்தா இதுக சும்மா இருக்காது சார். கோத ஆரம்பிக்கும், நிறுத்தத் தெரியாது, புடுங்கிக்கிட்டே இருக்கும். அவங்க எப்ப வருவாங்க?"

பார்ப்போம் என்றேன்.

மருந்து எழுதித் தரச் சொன்னேன். மருந்து கிடையாதாம். பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமாம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். அவர் சிரித்த காரணம் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆவுடை துரையைப் பார்க்க வேண்டும் என்று வீடியோ காலில் வந்தாள். இதற்கு நான் தயாராகவே இருந்தேன். துரையின் முதுகில் ஒரு குறையும் இல்லை. கூண்டைத் திருப்பி வைத்துவிட்டேன்.

"ஏன் முதுகக் காட்டிட்டு இருக்கான்?"

ஜன்னலில் அணில் வந்திருக்கிறது, அதைப் பார்க்கிறான் என்றேன். முன்பக்கம் திருப்பச் சொன்னாள். நெட்வொர்க் சரியில்லை என்றேன். "நீங்க மட்டும் நல்லாத் தெரியுதிய" என்றாள். போனைக் கொஞ்சம் ஆட்டினேன். அப்புறம் அவள் "துரை, துரை" என்று கூப்பிட்டாள். குரல் கேட்டதும் துரை சடாரென்று திரும்பியது. அதே விநாடியில் போனைக் கீழே போட்டுவிட்டேன். திரையில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. மற்றபடி எல்லாம் திட்டப்படி நடந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி நாற்காலியைக் கூண்டுப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "என்ன துரை" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "சாப்பிட்டியா" என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தான். ஆவுடை இவனிடம் காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்படி என்னதான் பேசினாளோ.

பேப்பரை எடுத்துத் தலையங்கம் வாசித்துக் காட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். பிறகு ஒரு வழி தோன்றியது. மழைக்காலத்தில் மின்மாற்றி ஏன் ட்ரிப் ஆகிறது என்பதை அடியிலிருந்து விளக்கினேன். கொண்டை மெதுவாக எழுந்து நின்றது. இவ்வளவு கவனமாக என் துறையைப் பற்றிக் கேட்டவர் யாருமில்லை. ஒரு புயலின்போது களக்காட்டுப் பக்கம் கம்பம் கம்பமாகச் சாய்ந்து கிடந்ததையும், நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் லைன் கொடுத்ததையும் சொன்னேன். நடுநடுவே சின்னதாகச் சீட்டியடித்தான். அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறும்வரை பேசியிருக்கிறேன்.

கடைசியில் அவன் கம்பி ஓரமாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை என் பக்கம் தாழ்த்தினான். வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து நானும் வணக்கம் சொன்னேன். டாக்டரிடம் போனில் கேட்டதில், தலையைச் சொறிந்துவிடச் சொல்லி அப்படிக் கேட்பார்கள் என்றார். அலகு எட்டாத இடத்தை இன்னொரு பறவைதான் கோதிவிட வேண்டுமாம்.

விரலால் சொறிந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வரித்தலை வாத்துகள் வந்து இறங்கியிருப்பதாகச் செய்தி. இமயமலையைத் தாண்டி வருகிறவை. கழகமே கூந்தன்குளத்தில் திரண்டிருந்தது. நான் வெயில் ஏறுமுன்பே திரும்பிவிட்டேன். ஒளி சரியில்லை.

ஒளி அருமையாக இருந்ததாக ஜேசுராஜன் குழுவில் எழுதியிருக்கிறார். அவரவர் கண்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வீட்டில் விட்டுவிட்டுப் போனால்தானே பிரச்சினை. கூண்டைக் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டி, துரையையும் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போனேன்.

சரணாலய வாசலில் காவலர் நிறுத்தினார். கூண்டை நன்றாகப் பார்த்தார், என்னை அதைவிட நன்றாகப் பார்த்தார். "பறவைய உள்ள கொண்டு போறியளா, வெளிய கொண்டு போறியளா?" என்றார். சும்மா பார்க்க வந்திருக்கிறான் என்றேன். யார் என்றார். துரை என்றேன். நெஞ்சு மொட்டையாக இருப்பதைக் கவனித்து, சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டு, வெளிப் பறவைக்கு உள்ளே அனுமதி இல்லை என்று பதமாகத் திருப்பி அனுப்பினார்.

அதனால் ஊருக்குள்ளேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கூந்தன்குளத்தில் அது ஒரு வசதி; கூழைக்கடாக்கள் தெரு மரங்களில், வீட்டுக் கூரைகளுக்கு மேலேயே கூடு கட்டியிருக்கும். கீழே ஒரு பெண்பிள்ளை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு கூழைக்கடா அந்தப் பெரிய அலகை வைத்துக்கொண்டு, நெஞ்சு இறகை ஒவ்வொன்றாக, எவ்வளவோ பொறுமையாகக் கோதிக்கொண்டிருந்தது. துரை கொண்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். பிறகு, என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில், இறக்கையை விரித்துக் கோத ஆரம்பித்தான். புடுங்கவில்லை. ஓர் இறகை அடியில் பிடித்து நுனிவரை உருவினான். விட்டான். அடுத்ததை எடுத்தான்.

காட்டுப் பறவையும் வீட்டுப் பறவையும் ஒரே நேரத்தில். கேமராவை எடுத்தேன். என் லென்ஸ் தூரத்துப் பறவைக்கு ஆனது. இவ்வளவு பக்கத்தில் இருப்பது அதற்குப் பிடிபடாது. இரண்டு ஆள் நீளமாவது தள்ளிப்போக வேண்டும். எழுந்து தள்ளிப்போனேன். துரை கோதுவதை நிறுத்திவிட்டு "இந்தாருங்க" என்று கத்தினான். பாத்திரம் தேய்த்த பெண் தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தேன். கோத ஆரம்பித்தான். எழுந்தேன். நிறுத்தினான்.

இப்படி எழுந்தும் உட்கார்ந்தும் முட்டிக்கு முட்டி வலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். லென்ஸ் இல்லாமல் பார்க்கும்போது கண் எதை விட்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடுகிறது. பிறகு பழகிவிடுகிறது.

வாலை உருவும்போது ஒற்றைக் காலில் நின்று தடுமாறுகிறான். எனக்கு இது தெரியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

உமையாள் போன் செய்தாள். அம்மா கீரை வாங்கிவர உழவர் சந்தை போயிருக்கிறாள், அதனால் இப்போது பேசலாம் என்றாள். நான் சாமான்கள் அடுக்கியாயிற்றா என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, அம்மா இங்க ஏன் வந்திருக்கான்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவள் சொன்னாள். கண் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் நடந்த சின்ன விஷயம். அதை நானே மறந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து ஆவுடையை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் ஏற்கெனவே புரை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அங்கே அரிவாள் மூக்கன் ஒன்று இறகு கோதிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சொன்னதாகத்தான் நினைவு.

நான் எழுந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் மருந்து விட்டுக்கொள்ள வந்தவர். ஆவுடை அது நான்தான் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். நிறையப் பேசினாளாம். பயந்துபோயிருந்தாளாம். கட்டு அவிழ்க்கும்போது பார்வை வராமல் போனால் என்ன செய்வது என்பதிலிருந்து ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் நடந்ததுவரை.

"அந்த ஆளு எந்திரிச்சுப் போகலப்பா. பாவம், கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. அது நீங்க இல்லன்னு அம்மாவுக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா?"

எப்போது என்றேன்.

"அவரு பதில் சொன்னப்ப."

போனை வைத்த பிறகு வெகுநேரம் துரையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அரிவாள் மூக்கன் படமும் சரியாக வரவில்லை. தலை உள்ளே போய்விட்டது.

பிப்ரவரி 11, புதன்

கூந்தன்குளம் போகவில்லை. ஒளி நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

துரையோடு கோயம்புத்தூர் புறப்பட்டேன். அவனை ஆவுடையிடம் காட்டியாக வேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. சட்டை மட்டும் இஸ்திரி போட்டதாக எடுத்துப் போட்டுக்கொண்டேன், முகச்சவரமும் செய்தேன். நெடுந்தூரப் பயணத்தில் அது ஒரு புத்துணர்ச்சி.

வழியில் ஒரு சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கியதும் துரை "இந்தாருங்க" என்றான். பணம் வாங்குகிற பையன் குனிந்து காருக்குள் பெண்பிள்ளையைத் தேடினான். பின்சீட்டிலும் பார்த்தான். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கவலை இருந்தது.

ஆவுடைதான் கதவைத் திறந்தாள். நான் கூண்டை எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முதலில் துரையைப் பார்த்தாள். முகம் மாறியது. கூண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை யாரும் வா என்று சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

துரையை வெளியே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் காதோர முடியை அலகில் பிடித்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல்.

"எப்பருந்து இப்பிடி?"

போன மாதக் கடைசியிலிருந்து என்றேன்.

"போன்ல முதுகக் காட்டுனது இதுக்குத்தானா?"

"ம்" என்று வாய்வரை வந்துவிட்டது. அதை நிறுத்திவிட்டு, "ஆமா, இதுக்குத்தான். நீ பாத்தா வருத்தப்படுவேன்னு. இல்ல, அது பொய். நீ பாத்தா ஏசுவேன்னுதான் காட்டல" என்றேன்.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகவே தெளிந்திருக்கிறது. எனக்கு நேரே நிற்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. டாக்டரிடம் போனதையும் அவர் கேட்டதையும் சொன்னேன். துரைக்கு மின்மாற்றி பற்றிச் சொன்னதையும் சொன்னேன். நெஞ்சில் முள் முள்ளாகக் குத்திட்டு நிற்பது புது இறகுகள் என்று காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கண்காட்சிக்குப் படம் அனுப்ப இன்றுதான் கடைசி என்று ஜேசுராஜன் போன் செய்தார். காட்டுப் பறவைகள் பத்து அனுப்பிவிட்டேன், தலையணைகளைக் கழித்துவிட்டு. வீட்டுப் பறவை என்னிடம் இல்லை என்றேன்.

ஆவுடை தன் போனை நீட்டினாள். முந்தாநாள் மத்தியானம் நான் சோபாவில் தூங்கிப்போயிருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. துரை என் தோளில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, என் புருவமுடி ஒன்றை அலகில் பிடித்து உருவுகிறான். அவன் தலை முழுதாகத் தெரிகிறது. என் தலையும்தான், வேண்டாத அளவுக்கு. ஒளி ஜன்னலிலிருந்து எப்படி வரவேண்டுமோ அப்படி வருகிறது. இது எப்படி வந்தது என்று கேட்டேன். "பக்கத்துல போயி எடுத்தேன்" என்றாள்.

அனுப்பக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உமையாள் அனுப்பிவிட்டாள். ஜேசுராஜன் உடனே கூப்பிட்டார். வாசலுக்கு நேரே மாட்டப்போகிறாராம். என்னுடைய பத்தும் எங்கே என்று கேட்டேன். கைகழுவும் இடத்துக்குப் போகிற வழியில் நல்ல சுவர் இருக்கிறதாம். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார். ஆவுடைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"படத்துல ரெண்டு பேரு இருக்கிய அண்ணாச்சி. படத்துக்குக் கீழ 'வீட்டு வளர்ப்பு'ன்னு எழுதணும். ரெண்டுல எதுக்கு எழுத?"

"ரெண்டுக்கும் எழுதிருங்க" என்றாள் ஆவுடை.

படம் எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் போடுகிறார்கள். கழகத்தில் அவள் உறுப்பினரே இல்லை. இதைப் பற்றி நான் கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் ஆவுடை பெட்டியை எடுத்துவந்து கார் பக்கத்தில் வைத்தாள். நான் வருகிறாயா என்று கேட்கவுமில்லை, அவள் வருகிறேன் என்று சொல்லவுமில்லை. துரையின் கூண்டைப் பின்சீட்டுக்கு மாற்றினேன்.

பல்லடம் தாண்டினோம். பிறகு நான்தான் கேட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த ஆளிடம் என்ன சொன்னாய் என்று.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் நெறைய" என்றாள்.

"ஊரு தூரந்தான" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பித்தாள். தாராபுரத்துக்கு அப்பால் சாலையின் வலது பக்கம் ஒரு குளம் வந்தது. கரை முழுக்கப் பறவைகள். பாதிக்குமேல் வெயிலில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தன. ஒளி அப்படி இருந்தது. காரை நிறுத்தவில்லை, அவள் பாதியில் இருந்தாள்.

திண்டுக்கல்லில் காப்பி குடிக்கும்போதும் சொன்னாள். மதுரைக்குப் பிறகும் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இதில் எழுதப்போவதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நான் பதில் சொன்னேன். ஒன்று தப்பாம்.